பச்சைமலையில தொலைஞ்ச ஒன்பதாம் நம்பர்: கிளியர் அலைனரோட கதை

இன்னைக்கு எபிசோட் ஒரு குப்பைக்கூடையில இருந்து ஆரம்பிக்குது.

பொங்கல் லீவு. ஸ்ரீரங்கத்துல இருந்து நாங்க நாலு பேர், ரெண்டு பைக், காலைல அஞ்சரைக்குக் கிளம்பினோம். கொள்ளிடம் பாலம் தாண்டி, நம்பர் ஒன் டோல்கேட், மண்ணச்சநல்லூர், துறையூர். அங்க ஒரு டீ. அப்புறம் செங்காட்டுப்பட்டி அடிவாரத்துல இருந்து வளைஞ்சு வளைஞ்சு பச்சைமலை மேல. மேல ஒரு சின்னக் கடையில இட்லி சாப்பிட உக்காந்தோம்.

அப்போ என் வாயில கிளியர் அலைனர் இருந்தது. பல்லை நேராக்க கம்பிக்குப் பதிலா மாட்டுற, கண்ணாடி மாதிரி தெரியுற பிளாஸ்டிக் உறை. சாப்பிடும்போது கழட்டணும். அதுக்குன்னு ஒரு டப்பா குடுப்பாங்க. டப்பாவை நான் வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன். அதனால கழட்டி டிஷ்யூ பேப்பர்ல சுத்தி, இலைக்குப் பக்கத்துல வெச்சேன்.

அடுத்து என்ன நடந்திருக்கும்னு அலைனர் போட்டவங்க எல்லாருக்கும் தெரியும். கடை அக்கா இலையோட சேர்த்து வாரிக்கிட்டுப் போய்ட்டாங்க. எனக்கு ஞாபகம் வந்தப்போ மங்களம் அருவிக்குப் போற வழியில இருந்தோம். திரும்பி ஓடி வந்து கூடைக்குள்ள கையை விட்டுத் தேடினேன்.

"என்ன தம்பி தேடுற?"

"பல்லுக்கா."

அந்த அக்கா என் வாயை நல்லா உத்துப் பார்த்துட்டு, "எல்லாப் பல்லும் இருக்கே தம்பி"ன்னாங்க.

கூடையில இருந்த முதல் லோடு ஏற்கெனவே குழியில கொட்டி எரிஞ்சுக்கிட்டு இருந்தது. எனக்கு மொத்தம் 24 செட். அதுல மேல்வரிசை, ஒன்பதாம் நம்பர், அன்னைக்கு பச்சைமலையில புகையாப் போயிருச்சு.

உடனே டாக்டருக்கு போன் பண்ணியிருக்கணும். பண்ணலை. வெக்கம். பதினொரு நாள் சும்மா இருந்தேன். அப்புறம் பயந்துபோய், டிராயர்ல கிடந்த எட்டாம் நம்பரை எடுத்து மாட்டிப் பார்த்தேன். பதினஞ்சு நாளைக்கு முன்னாடி லூசா உக்காந்த அதே உறை இப்போ ஏற மாட்டேங்குது. அழுத்தி மாட்டினா முதல் நாள் மாதிரி வலி. அப்போதான் உறைச்சது: சும்மா இருந்தது நான் மட்டும்தான். என் பல்லு சும்மா இல்ல. அது பழைய இடத்துக்குக் கிளம்பிப் போய்க்கிட்டு இருந்திருக்கு.

இதே மாதிரி ஒரு அனுபவம் 1990கள்ல கலிஃபோர்னியாவுல ஒரு மாணவருக்கு வந்தது. அவர் அதை வெச்சு ஒரு கம்பெனி ஆரம்பிச்சார். நான் பாராசிட்டமால் போட்டுட்டுப் படுத்துட்டேன். அவரோட கதையைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன்.

இன்னொரு காரணமும் இருக்கு. நேயர் ஒருத்தர் எழுதிக் கேட்டிருந்தார்: "டாக்டரைப் பார்க்காம, வீட்டுக்கே கிட் வரவழைச்சு, நாமே அச்சு எடுத்து அனுப்பி அலைனர் போட்டுக்கலாமா? விலை ரொம்பக் கம்மியா இருக்குமே?" நியாயமான கேள்வி. பதில் இந்த வரலாறுக்குள்ளேயே இருக்கு. கடைசியில வர்றேன்.

எதுக்கு நேராக்கணும்?

மலையில இருந்து இறங்கி துறையூர் பக்கம் எங்க அப்பாயி வீட்டுக்குப் போனோம். விஷயத்தைச் சொன்னேன். அப்பாயி சிரிச்சிட்டு, "கோணப்பல்லு நம்ம வம்சத்துக்கே உள்ளதுடா. ஒங்க தாத்தனுக்கும் அப்படித்தான். அதுக்குப் போயி காசைக் கொட்டுவியா?"ன்னு கேட்டாங்க. அவங்க காலத்துல வேப்பங்குச்சியும் ஆலங்குச்சியும்தான். பல்லு உறுதியா இருக்கணும், அவ்வளவுதான். நேரா இருக்கணும்னு யாரும் கேட்கலை. சொல்லப்போனா தெத்துப்பல்லும் சிங்கப்பல்லும் நம்ம ஊர்ல அழகுன்னு சொல்ற ஆளுங்க இன்னைக்கும் இருக்காங்க.

அப்பாயி கேட்டது சும்மா கேள்வி இல்ல. இந்தத் துறையே அந்தக் கேள்வியைத்தான் முதல்ல தீர்க்க வேண்டியிருந்தது. பிரான்ஸ்ல பியர் ஃபோஷார்னு ஒரு பல் மருத்துவர். 1728-ல அவர் எழுதின பெரிய புத்தகத்துல, குதிரை லாடம் வடிவத்துல ஒரு உலோகப் பட்டையை வெச்சு, அதோட பல்லுகளை நூலால கட்டி இழுக்குற முறையை விவரிச்சிருக்கார். அதாவது "இழுத்தா வரும்"னு 300 வருஷத்துக்கு முன்னாடியே தெரியும். ஆனா எங்க வரைக்கும் இழுக்கணும்? எது சரியான இடம்?

அதுக்கு ஒரு அளவுகோல் குடுத்தவர் அமெரிக்காவோட எட்வர்டு ஆங்கிள். 1899-ல அவர் பல்வரிசைக் கோளாறுகளை மூணு வகையாப் பிரிச்சார். அவர் பார்த்தது முன்பல்லை இல்ல, கடைவாய்ப் பல்லை. மேல்வரிசையோட முதல் பெரிய கடைவாய்ப் பல்லும் கீழ்வரிசையோட அதே பல்லும் எப்படிப் பொருந்துதுங்கிறதுதான் அடிப்படை. அதாவது கேள்வி "சிரிச்சா அழகா இருக்கா"ங்கிறது மட்டும் இல்ல, "கடிச்சா சரியாப் பொருந்துதா"ங்கிறதும்தான். இன்னைக்கும் பல் மருத்துவ மாணவர்கள் இந்த மூணு வகையைப் படிச்சுத்தான் ஆரம்பிக்கிறாங்க. அடுத்த வருஷமே, 1900-ல, செயின்ட் லூயிஸ் நகரத்துல இதுக்குன்னே ஒரு பள்ளியும் தொடங்கினார். நாம "கிளிப் போடுறது"ன்னு சொல்ற விஷயத்துக்கு அஸ்திவாரம் அங்கதான்.

என் கேஸும் அழகுக்காக ஆரம்பிச்சது இல்ல. கீழ்வரிசையில பல்லு நெருக்கியடிச்சு நின்னதால பிரஷ் உள்ள போகலை. ஈறுல ரத்தம். அதுக்குப் போன இடத்துலதான் அலைனர் பேச்சு வந்தது.

நகர்றது பல்லா, எலும்பா?

பல்லு எலும்புல ஆணி அடிச்ச மாதிரி இறுகி நிக்குதுன்னு நாம நினைக்கிறோம். அப்படி இல்ல. பல்லோட வேருக்கும் எலும்புக்கும் நடுவுல மெல்லிசா ஒரு நார்ச்சவ்வு இருக்கு. தடிமன் சுமார் 0.2 மில்லிமீட்டர். பல்லு அதுல தொங்கிக்கிட்டு இருக்குன்னே சொல்லலாம்.

ஒரு பக்கமா மெதுவாத் தொடர்ந்து அழுத்தினா, அழுத்தம் விழுற பக்கத்துல எலும்பைக் கரைக்கிற செல்கள் வந்து வேலையை ஆரம்பிக்கும். இழுபடுற பக்கத்துல எலும்பைக் கட்டுற செல்கள் வரும். முன்னாடி இடிச்சுக்கிட்டே, பின்னாடி கட்டிக்கிட்டே வர்ற மாதிரி. சுவீடன் நாட்டு கார்ல் சாண்ட்ஸ்டெட் 1904-ல நாய்களோட பல்லுல விசை குடுத்து, அப்புறம் அந்த எலும்பை நுண்ணோக்கியில பார்த்து இதைக் காட்டினார். ரொம்ப அழுத்தினா அந்தச் சவ்வுக்கு ரத்த ஓட்டம் நின்னு திசு செத்துப் போகும்ங்கிறதும் அவர் வேலையில இருந்தே தெரிய வந்தது. வேகமா அழுத்தினா வேகமா நகரும்னு கிடையாது. தப்பா அழுத்தினா நிக்கும்.

இதை மனசுல வெச்சுக்கோங்க. இனிமே வர்றவங்க எல்லாரும் இந்த எலும்போடதான் மோதப் போறாங்க.

1945: ஐடியா ரெடி, கம்ப்யூட்டர் இல்ல

அலைனர்னா ஏதோ நம்ம காலத்துக் கண்டுபிடிப்புன்னுதான் நானும் நினைச்சேன். கிடையாது. அமெரிக்காவோட இண்டியானா மாநிலத்துல ஹரால்டு கெஸ்லிங்னு ஒரு மருத்துவர். கம்பி சிகிச்சை முடியுற கட்டத்துல, கடைசி சின்னச் சின்ன திருத்தத்துக்காக ஒரு ரப்பர் உறையைச் செஞ்சார். பேர் டூத் பொசிஷனர். எப்படின்னா, பல்லோட பிளாஸ்டர் அச்சை எடுத்து, ஒவ்வொரு பல்லையும் அறுத்துத் தனியாக்கி, எங்க இருக்கணுமோ அந்த இடத்துல மெழுகு வெச்சு நிறுத்தி, அந்த "எதிர்கால" வாய்க்கு உறை செய்வார். அதை நிகழ்கால வாயில மாட்டினா, பல்லு உறையைத் தேடிப் போகும்.

1945-ல வந்த கட்டுரையில அவர் இன்னொரு விஷயமும் சொல்றார். பெரிய நகர்வு வேணும்னா, பல்லை அச்சுல கொஞ்சம் கொஞ்சமா மாத்தி, வரிசையாப் பல உறைகள் செஞ்சா முடியும். ஆனா இப்போதைக்கு அது நடைமுறைக்கு வராது.

இதுதான் அலைனர். முழு ஐடியாவும் அங்கேயே இருக்கு. அப்புறம் ஏன் 50 வருஷம் ஆச்சு?

என் கணக்கையே எடுத்துக்கோங்க. 24 செட். மேல, கீழ சேர்த்தா 48 உறை. கெஸ்லிங் முறைப்படி 48 தடவை பிளாஸ்டர் பல்லை அறுத்து, கால் மில்லிமீட்டர் தள்ளி, மெழுகு வெச்சு, திரும்ப நிறுத்தணும். அதுவும் ஒரே ஒரு ஆளுக்கு. எந்த டாக்டர் செய்வார்?

நடுவுல பொருள் மட்டும் மாறிக்கிட்டே வந்தது. 1964-ல ஹென்றி நஹூம் பிளாஸ்டிக் தகடைச் சூடாக்கி, வெற்றிடத்தால உறிஞ்சி அச்சு மேல படிய வைக்கிற முறையை எழுதினார். 1971-ல ராபர்ட் போனிட்ஸ் "கண்ணுக்குத் தெரியாத ரிடெய்னர்" பத்தி எழுதினார். ரிடெய்னர்னா, சிகிச்சை முடிஞ்சப்புறம் பல்லு பழைய இடத்துக்கு ஓடாம பிடிச்சு வைக்கிற உறை. ஐடியா இருக்கு, பிளாஸ்டிக்கும் இருக்கு. 48 தடவை அறுத்து நிறுத்துற வேலைக்குத்தான் ஆள் இல்ல.

டிராயர்ல இருந்த ரிடெய்னர்

இப்போ அந்த மாணவர். ஜியா சிஷ்டி. லாகூர்ல வளர்ந்தவர், கம்ப்யூட்டர் சயின்ஸும் பொருளாதாரமும் படிச்சவர், ஸ்டான்ஃபோர்டுல எம்.பி.ஏ. மாணவர். பல் மருத்துவரே கிடையாது. வயசு வந்தப்புறம் கம்பி போட்டு முடிச்சு, ரிடெய்னர் மாட்டிக்கிட்டு இருந்தார். சில நாள் மாட்டாம விட்டா பல்லு கொஞ்சம் நகரும், திரும்ப மாட்டினா பழையபடி வரும். என் எட்டாம் நம்பர் கதையேதான். ஆனா அவர் கேட்ட கேள்வி வேற: கொஞ்சம் நகர்ந்த பல்லை இந்த பிளாஸ்டிக் திருப்பிக் கொண்டு வர முடியும்னா, இதே மாதிரி வரிசையா உறை செஞ்சு, தொடக்கத்துல இருந்து கடைசி வரைக்கும் கொண்டு போக முடியாதா?

கெஸ்லிங் கேட்ட அதே கேள்வி. ஆனா இந்தத் தடவை கேட்டவருக்கு கோட் தெரியும். நம்ம ஆளுங்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா, இது அனிமேஷன் பிரச்சினை. முதல் ஃபிரேம் இருக்கு, கடைசி ஃபிரேம் தெரியும், நடுவுல இருக்குற ஃபிரேம்களைக் கணக்கு போடணும். ஒரே ஒரு நிபந்தனை, எந்த ஃபிரேம்லயும் ஒரு பல்லு சுமார் கால் மில்லிமீட்டருக்கு மேல நகரக் கூடாது. அதுக்கு மேல போனா எலும்பு ஒத்துழைக்காது.

1997-ல அவரும் வகுப்புத் தோழி கெல்சி வர்த்தும், கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் தெரிஞ்ச ரெண்டு பேரோட சேர்ந்து அலைன் டெக்னாலஜியைத் தொடங்கினாங்க. சிகிச்சைக்கு இன்விசலைன்னு பேர். 1998-ல அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி, 1999-ல விற்பனை, 2001 ஜனவரியில பங்குச்சந்தை.

ஆரம்பத்துல வாயை நேரா ஸ்கேன் பண்ற வசதி இல்ல. டாக்டர் அச்சு எடுத்து அனுப்புவார். அந்த அச்சுல இருந்து செஞ்ச மாதிரியை ரெசின்ல புதைச்சு, மெல்லிசு மெல்லிசா சீவி, ஒவ்வொரு அடுக்கையும் போட்டோ எடுத்து, கம்ப்யூட்டர்ல திரும்ப அடுக்கினாங்க. அப்புறம் ஒவ்வொரு கட்டத்துக்கும் அச்சு வேணுமே? அதுக்கு சக் ஹல் 1986-ல பேட்டன்ட் வாங்கின ஸ்டீரியோலித்தோகிராஃபி கை குடுத்தது. ஒளியால திரவத்தை அடுக்கடுக்கா உறைய வைக்கிற, த்ரீ-டி பிரிண்டிங்கோட முதல் வடிவம். அச்சை பிரிண்டர் செய்யும், அது மேல பிளாஸ்டிக்கைச் சூடாக்கிப் படிய வைப்பாங்க. கெஸ்லிங்கோட 48 மெழுகு வேலை 48 ஃபைலா மாறிடுச்சு.

அந்த ஃபைலை யார் செஞ்சா?

இந்தக் கதையை அமெரிக்காவுல சொல்லும்போது சாதாரணமா இங்க நிறுத்திடுவாங்க: ஸ்டான்ஃபோர்டு, ஐடியா, சாஃப்ட்வேர், வெற்றி. ஆனா அந்தக் காலத்து சாஃப்ட்வேர் தானாப் பல்லைப் பிரிக்காது. திரையில ஒவ்வொரு பல்லையும் மனுஷங்க கையால வெட்டித் தனியாக்கி, கட்டம் கட்டமா நகர்த்தணும். அந்த வேலையைச் செஞ்சது பெரும்பாலும் லாகூர்ல இருந்த நூற்றுக்கணக்கான இளைஞர்கள். அவங்க செஞ்சதை அமெரிக்காவுல இருக்கிற டாக்டர் இணையத்துல பார்த்து, திருத்தி, ஒப்புதல் குடுப்பார்.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு நிலைமை மாறிச்சு. கம்பெனி லாகூர் வேலையை மூடிட்டு, அதை கோஸ்டா ரிகாவுக்குக் கொண்டு போச்சு. பல்லோட எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு காரணத்துக்காக ஒரு ஊரோட வேலை இன்னொரு கண்டத்துக்குப் போனது. ஐ.டி.யில வேலை பார்க்குற யாருக்கும் இதைக் கேட்டா வயித்துல லேசா ஒரு கலக்கம் வரும். எனக்கு வந்தது.

சிஷ்டி கம்பெனியை விட்டு வெளிய போய், 2005-ல ஆர்த்தோகிளியர்னு போட்டிக் கம்பெனி ஆரம்பிச்சார், திரும்பவும் லாகூர் ஆட்களோட. வழக்கு மேல வழக்கு. 2006-ல சமரசம்: அலைன் 2 கோடி டாலர் குடுத்து அதோட உரிமைகளை வாங்கிச்சு, ஆர்த்தோகிளியர் மூடிச்சு. அப்போ சிகிச்சை நடுவுல நின்னவங்க இருந்தாங்க. அமெரிக்கா, கனடா, ஹாங்காங் நோயாளிகளோட சிகிச்சையைக் கூடுதல் கட்டணம் இல்லாம முடிச்சுத் தர்றதா அலைன் ஒத்துக்கிச்சு.

நடுவுல நின்னவங்க. இந்த வார்த்தை திரும்ப வரும்.

டாக்டரே வேண்டாம்னா?

2014-ல ஸ்மைல் டைரக்ட் கிளப். அலைனரோட ஆரம்பகாலப் பேட்டன்ட்கள் 2017-ல இருந்து காலாவதி ஆகத் தொடங்கின. ஏகப்பட்ட கம்பெனிகள் வந்தாங்க, நம்ம நாட்டுலயும். ஆனா ஸ்மைல் டைரக்ட் செஞ்சது தனி. வீட்டுக்கு அச்சு எடுக்குற கிட் வரும், இல்ல கடையில போய் ஸ்கேன் எடுத்துக்கலாம். உரிமம் உள்ள ஒரு மருத்துவர் எங்கேயோ தொலைவுல இருந்து கோப்பைப் பார்த்து ஒப்புதல் குடுப்பார். பெட்டி வீட்டுக்கு வந்துரும். டாக்டர் உங்க வாயை நேர்ல பார்க்கவே தேவையில்ல. விலை வழக்கமான சிகிச்சையைவிட ரொம்பக் கம்மி.

2019 செப்டம்பர்ல பங்குச்சந்தைக்கு வந்தப்போ மதிப்பு சுமார் 890 கோடி டாலர். நாலே வருஷம். 2023 செப்டம்பர்ல திவால் மனு. டிசம்பர்ல மூடிட்டாங்க. சிகிச்சை நடுவுல இருந்தவங்க தங்கள் ஊர் டாக்டரைப் பார்த்துக்கணும். மாசத் தவணையில வாங்கினவங்க தவணையைத் தொடர்ந்து கட்டணும்னு சொன்னாங்க.

யோசிச்சுப் பாருங்க. உங்க பத்தாம் நம்பர் உறை வாயில இருக்கு. பதினொண்ணு வராது. எலும்பு பாதி கரைஞ்சு, பாதி கட்டி, அந்தரத்துல நிக்குது. போன் எடுக்க ஆள் இல்ல. ஒரு ஆப் மூடினா நாம வேற ஆப்புக்குப் போவோம். பல்லு நடுவழியில இருக்கும்போது கம்பெனி மூடினா?

கேள்விக்குப் பதில்

பன்னிரண்டாம் நாள் நான் டாக்டர்கிட்ட போனேன். அவங்க திட்டலை. வாயைத் திறக்கச் சொன்னாங்க, ஒவ்வொரு பல்லையும் விரலால லேசா ஆட்டிப் பார்த்தாங்க, ஈறைப் பார்த்தாங்க. அப்புறம் கேட்டாங்க: "தொலையறதுக்கு முன்னாடி தினமும் எத்தனை மணி நேரம் போட்டீங்க?"

22 மணி நேரம்னு சொன்னேன். அதுதான் விதி. அவங்க என்னைப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. "இந்தப் பல்லு அப்படிச் சொல்லலையே"ன்னாங்க.

உண்மை என்னன்னா, 14, 15 மணி நேரம்தான். மீட்டிங்ல கழட்டிருவேன், காபிக்குக் கழட்டிருவேன், திரும்ப மாட்ட மறந்துருவேன். 2008-ல பதின்ம வயசுப் பிள்ளைங்களுக்குன்னு வந்த இன்விசலைன்ல ஒரு நீலப் புள்ளி வெச்சாங்க, எவ்வளவு நேரம் போட்டாங்கன்னு காட்ட. போடப் போட அது மங்கிக்கிட்டே வரும். எனக்கு அந்தப் புள்ளி இல்ல. ஆனா என் வாயை நேர்ல பார்க்க ஒரு ஆள் இருந்தாங்க. பச்சைமலையில தொலைஞ்சது ஒரு உறைதான். அதுக்கு முன்னாடியே நான் பாதியைத் தொலைச்சிருந்தேன். எட்டுக்கும் பின்னாடி, ஏழாம் நம்பர்ல இருந்து திரும்ப ஆரம்பிக்க வெச்சாங்க. ரெண்டு மாசம் கூடுதல்.

அதனால நேயருக்கு என் பதில்: வேண்டாம் நண்பா. உறையில மந்திரம் ஒண்ணும் இல்ல, 1945-லேயே யோசிச்சதுதான். நாம குடுக்குற காசுல கொஞ்சம் பிளாஸ்டிக்குக்கு, கொஞ்சம் கணக்குக்கு, மீதி ஒரு ஆளுக்கு. உங்க எலும்பு திட்டப்படி நகருதா, ஈறு தாங்குதா, நீங்க பொய் சொல்றீங்களான்னு நேர்ல பார்த்துச் சொல்ற ஆள். கிட் வாங்கினா அந்த ஆளைத்தான் கழிச்சு விலையைக் குறைக்கிறாங்க.

காசுதான் பிரச்சினைன்னா, அலைனர்தான் வேணும்னு இல்ல, கம்பியும் அதே எலும்பைத்தான் நகர்த்துது. சில கஷ்டமான கேஸ்ல கம்பிதான் இன்னும் நல்லாச் செய்யும். நம்ம நாட்டுல 1948-லேயே பல் மருத்துவர் சட்டம் வந்துருச்சு, யார் வேணும்னாலும் பல்லுல கை வைக்கக் கூடாதுன்னு. சென்னையில அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953-ல இருந்து இருக்கு. திருச்சிக்காரங்களுக்கு இன்னும் பக்கம், புதுக்கோட்டையில 2023-ல ஒண்ணு திறந்தாங்க. முதல்ல அந்த மாதிரி ஒரு இடத்துல போய் வாயைக் காட்டுங்க. அப்புறம் முடிவு பண்ணுங்க.

நான் இப்போ பதினேழாம் நம்பர்ல இருக்கேன். இந்த ரெக்கார்டிங்குக்காகக் கழட்டி, டப்பாவுல, மறுபடி சொல்றேன், டப்பாவுல வெச்சிருக்கேன். 40 நிமிஷம் ஆச்சு. மாட்டப் போறேன். அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.